ஜிபி சர்ஜரியில் மனநல உதவியும் தகவலும்: நோயாளர் குழுவில் எதைக் கேட்க வேண்டும்?

பனங்கூடல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வடமேற்கு லண்டனில் எங்கள் குடும்பம் பதிந்திருக்கும் ஜிபி சர்ஜரியின், அதாவது குடும்ப வைத்தியர் நிலையத்தின், நோயாளர் பங்கேற்புக் குழுவில் நானும் இருக்கிறேன். இத்தகைய குழு ஒன்றை நடத்த வேண்டியது 2015 ஏப்ரலிலிருந்து இங்கிலாந்திலுள்ள ஒவ்வொரு சர்ஜரிக்கும் ஒப்பந்தக் கடமை. பல இடங்களில் அது பெயருக்கு நடக்கிறது என்றாலும், எங்கள் சர்ஜரியின் மேலாளர் குழுவின் பேச்சைக் காதில் போட்டுக்கொள்பவர். அடுத்த கூட்டத்தில் மனநலத்தைப் பற்றிப் பேசப் போகிறோம். பதிந்துள்ளவர்களில் தமிழர் கணிசமாக இருப்பதால், அவர்கள் தரப்பில் எவை தேவை என்று ஒரு பக்கத்துக்குள் எழுதி வருமாறு என்னிடம் கேட்டிருக்கிறார்.

அவர் எதிர்பார்ப்பது ஒரு தமிழ்ச் சுவரொட்டியும் சில துண்டுப்பிரசுரங்களுமே என்று நினைக்கிறேன். அவற்றை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தெரிந்த முகங்கள் நாலு உட்கார்ந்திருக்கும் காத்திருப்பு அறையில், மனச்சோர்வைப் பற்றிய தாளை எழுந்துபோய் எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொள்ளும் துணிவு எங்கள் தாய்மாருக்கு வருமா என்பது எனக்கு ஐயமே. எங்கள் முதியவர்கள் நெஞ்சு அடைக்கிறது, உடம்பெல்லாம் உளைகிறது, நித்திரை இல்லை என்றுதான் வைத்தியரிடம் போகிறார்கள். இரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்ற பதிலோடு திரும்புகிறார்கள். சில வாரங்களில் அதே வருத்தத்தைச் சொல்லி மறுபடியும் போகிறார்கள். இளையவர்களோ, இதற்கெல்லாம் ஜிபியிடம் போகலாமா என்றே கேட்கிறார்கள்.

ஆகவே, சர்ஜரிகளில் வேலை செய்தவர்களும், தாங்களோ தம் வீட்டாரோ இந்த உதவியை நாடிச் சென்றவர்களும் எனக்கு வழி சொல்ல வேண்டும். உளநல மருத்துவர்களைக் கூட்ட வேண்டும், நிதியைப் பெருக்க வேண்டும் என்பவை உண்மையானவைதான்; ஆனால் அவை எங்கள் மேலாளரின் கையில் இல்லை. ஒரு சர்ஜரி தானாகவே, பெரிய செலவில்லாமல், அடுத்த சில மாதங்களுக்குள் செய்யக்கூடியவற்றை மட்டும் சொல்லுங்கள்.

---

முன்மேசை எழுதியது:

நான் ஒரு சர்ஜரியில் வரவேற்பாளராக நெடுங்காலம் வேலை செய்துவிட்டு விலகியவள். மனநல உதவிக்கான முதற்படி வைத்தியரின் அறையில் இருப்பதாக எல்லோரும் எண்ணுகிறார்கள். என் அனுபவத்தில் அது வரவேற்பு மேசையில் இருக்கிறது, பெரும்பாலும் அங்கேயே முடிந்தும் போகிறது. எதற்காக வைத்தியரைப் பார்க்க வேண்டும் என்று நாங்கள் கேட்பது வம்புக்காக அன்று. வைத்தியரிடம் அனுப்புவதா, தாதியிடம் அனுப்புவதா, மருந்தாளரிடம் அனுப்புவதா என்று தீர்மானிக்கவே கேட்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் பின்னால் வரிசையில் ஆட்கள் நிற்கையில் அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் சொல்ல யாராலும் முடியாது. தலையிடி என்று சொல்லிவிடுவார்கள். பத்து நிமிடச் சந்திப்பு தலையிடிக்காகவே பதிவாகும். அந்தப் பத்து நிமிடமும் தலையிடியிலேயே கழியும்.

அந்தக் கேள்விக்கு “தனிப்பட்ட விஷயம், வைத்தியரிடம் மட்டும் சொல்கிறேன்” என்று பதில் சொல்லலாம் என்பதும், அப்படிச் சொன்னால் மேற்கொண்டு யாரும் துருவக் கூடாது என்பதும் நம்மவர்களில் மிகச் சிலருக்கே தெரியும். மேசைமேல் தமிழில் ஏதாவது ஒட்டுவதானால் முதலில் இந்த ஒரு வரியை ஒட்டச் சொல்லுங்கள். கூடவே, பேச வேண்டியது அதிகம் இருந்தால் இரட்டைச் சந்திப்பு, அதாவது இருபது நிமிடம், கேட்கலாம் என்பதையும், முன்பு பார்த்த அதே வைத்தியரைக் கேட்கலாம் என்பதையும் சேர்க்கலாம். இணையப் படிவம் வழியாகத்தான் இப்போது பல சர்ஜரிகளில் சந்திப்பு கிடைக்கிறது. ஆங்கிலம் எழுத முடியாதவர் தொலைபேசியிலோ நேரிலோ அதே விவரத்தைக் கொடுத்தால் வரவேற்பாளரே படிவத்தை நிரப்பித் தர வேண்டும் என்பதையும் மேலாளரிடம் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்தது மொழிபெயர்ப்பாளர். அதற்கு நோயாளி எதுவும் கட்டத் தேவையில்லை. ஒவ்வொரு தடவையும் நோயாளியே கேட்டால்தான் ஏற்பாடு செய்வோம் என்ற நடைமுறை எங்கிருந்தாலும் அதை மாற்றக் கேளுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவை என்ற குறிப்பைக் கணினிப் பதிவில் ஒரு தடவை இட்டுவிட்டால், யார் சந்திப்பைப் பதிவு செய்தாலும் அது கண்ணில் படும்.

துண்டுப்பிரசுரத்தைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. எங்கள் சர்ஜரியில் யாரும் பார்க்காமல் வாசிக்கக்கூடிய ஒரே இடம் கழிப்பறைக் கதவின் உட்புறம்தான்; வீட்டு வன்முறைக்கான உதவி எண்ணை அங்கேதான் ஒட்டியிருந்தோம், கிழித்தெடுக்கும் சிறு துண்டுகளோடு. மனநலத்துக்கும் அதையே செய்யலாம். அதைவிடவும் நல்ல வழி குறுஞ்செய்தி. காய்ச்சல் தடுப்பூசிக்கு எல்லோருக்கும் செய்தி போகிறதல்லவா, அதே முறையில், தமிழைத் தம் மொழியாகப் பதிந்துள்ள அனைவருக்கும் இரண்டு வரித் தமிழ்ச் செய்தி அனுப்பலாம். எல்லோருக்கும் போவதால், எனக்கு மட்டும் ஏன் வந்தது என்று யாரும் கூச வேண்டியதில்லை.

---

கிணற்றடி எழுதியது:

நான் இதே துறையில், ஜிபி சர்ஜரிகளோடு இணைந்து வேலை செய்யும் மனநலப் பணியாளர். முன்மேசை அக்கா எழுதியவற்றில் எனக்கு மறுப்பில்லை. அறைக்குள் நடப்பதைச் சேர்க்கிறேன்.

மனச்சோர்வு இருக்கலாம் என்று ஐயம் எழுந்தால் மருத்துவர் பெரும்பாலும் பிஎச்கியூ-9 என்ற கேள்வித்தாளைக் கொடுப்பார். கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி ஒன்பது கேள்விகள்; மதிப்பெண் 0 முதல் 27 வரை. பதற்றத்துக்கு ஜிஏடி-7 என்று இதே போன்ற ஏழு கேள்விகள் உண்டு. பிஎச்கியூ-9 இன் ஒன்பதாவது கேள்வி, இறந்துவிட்டால் நல்லது என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ எண்ணம் வந்ததா என்பது. பன்னிரண்டு வயது மகனை மொழிபெயர்க்க வைத்து அந்தக் கேள்வியைத் தாயிடம் கேட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். மகன் அதை மென்மையாக்கிக் கேட்பான், அல்லது தாண்டிச் செல்வான். அவன் அப்படியே கேட்டாலும் தாய் இல்லை என்றுதான் சொல்வாள். தாளில் சுழியம் விழும். தாளை நம்பி மருத்துவர் அடுத்த நோயாளியை அழைப்பார். பிள்ளைகளையும் உறவினரையும் மொழிபெயர்ப்புக்குப் பயன்படுத்தக் கூடாது என்று வழிகாட்டல்கள் சொல்வதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை. ஆனால் நேரமில்லை என்ற பெயரில் அது நாள்தோறும் மீறப்படுகிறது. உங்கள் ஒரு பக்கத்தில் ஒரே ஒரு கோரிக்கைக்குத்தான் இடம் இருக்கிறது என்றால், மனநலத்தைப் பற்றிய எந்தச் சந்திப்பும் தகுதியான மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் நடக்கக் கூடாது என்பதை எழுதுங்கள்.

இரண்டாவது செய்தி, இங்கிலாந்தில் பேச்சு வழிச் சிகிச்சைக்கு ஜிபியின் பரிந்துரைக் கடிதம் கட்டாயமில்லை என்பது. 2008 இல் தொடங்கிய இத்திட்டம் 2023 ஜனவரியிலிருந்து என்எச்எஸ் (அரச சுகாதார சேவை) டோக்கிங் தெரபீஸ் என்ற பெயரில் இயங்குகிறது. ஏதேனும் ஒரு ஜிபியிடம் பதிந்துள்ள வயதுவந்தவர் யாரும் இணையத்திலோ தொலைபேசியிலோ தாமாகவே விண்ணப்பிக்கலாம். தமிழில் வேண்டும் என்று கேட்டால் மொழிபெயர்ப்பாளரையோ, அப்பகுதியில் இருந்தால் தமிழ் பேசும் சிகிச்சையாளரையோ ஏற்பாடு செய்வார்கள். விண்ணப்பித்தவர்களில் நூற்றுக்கு 75 பேருக்கு ஆறு வாரத்துக்குள்ளும் 95 பேருக்குப் பதினெட்டு வாரத்துக்குள்ளும் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது தேசிய இலக்கு. முதற்பேச்சு விரைவில் நடந்துவிடும், இரண்டாவதற்குத்தான் காத்திருக்க நேரும். அந்த இடைவெளியில் பலர் நம்பிக்கை இழந்து விலகிவிடுவதால், காத்திருப்பு இருக்கும் என்பதைச் சர்ஜரி முதலிலேயே நேர்மையாகச் சொல்லிவிடுவது நல்லது.

மருந்தைப் பற்றியும் தமிழில் சில வரிகள் வேண்டும். சிகிச்சை முறைகளுக்கு வழிகாட்டும் அரச அமைப்பான நைஸ் 2022 இல் வெளியிட்ட வழிகாட்டல், கடுமையற்ற மனச்சோர்வுக்கு, நோயாளியே விரும்பினாலன்றி, மாத்திரையை வழமையான முதற்சிகிச்சையாகக் கொடுக்கச் சொல்லவில்லை. எனவே ஜிபியிடம் போனால் மாத்திரைதான் என்ற அச்சத்துக்கு இடமில்லை. மாத்திரை தேவைப்படுபவர்களுக்கோ, அதன் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், பக்கவிளைவு முதலில் வரும், பலன் பிறகு வரும் என்பதையும், குணம் தெரிந்தவுடன் தாமாக நிறுத்தாமல் மருத்துவரோடு பேசிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். இதைச் சொல்லாததால் பத்தாம் நாளில் மாத்திரையைக் குப்பையில் போட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஓர் அச்சம் இருக்கிறது: சொன்னால் அது எங்கே போகும்? பிள்ளை பெற்ற தாய் ஆறு முதல் எட்டு வாரத்தில் வரும் பரிசோதனையில், அழுகையாக வருகிறது என்று சொன்னால் குழந்தையைப் பறித்துவிடுவார்கள் என்று நம்புகிறாள். தஞ்சம் கோரியவர், விசா அலுவலகத்துக்குத் தெரிந்துவிடும் என்று நம்புகிறார். ஜிபியிடம் பதிவதற்கு வதிவிட அனுமதியைக் காட்டத் தேவையில்லை என்பதே பலருக்குத் தெரியாது. மருத்துவர் கேட்டதை வெளியே சொல்லாமல் காக்கக் கடமைப்பட்டவர். உயிருக்குப் பாரதூரமான ஆபத்து, குழந்தையின் பாதுகாப்பு, நீதிமன்ற ஆணை போன்ற சில நிலைகளில்தான் அந்தக் கட்டு தளரும். அப்போதும் இயன்றவரை நோயாளிக்குச் சொல்லிவிட்டே செய்வார்கள். மனச்சோர்வு இருப்பது மட்டும் குழந்தையைப் பிரிப்பதற்குக் காரணமாகாது. இவற்றை நோயாளி கேட்கும்வரை காத்திராமல் மருத்துவரே பேச்சின் தொடக்கத்தில் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட வேண்டும் என்பேன். கேட்கும் துணிவு இருப்பவருக்கு அந்த விளக்கம் அவ்வளவாகத் தேவைப்படாது.

போரைக் கண்டு வந்தவர்களைப் பற்றித் தனியாகவே ஒரு திரி தொடங்கலாம். 1983, 2009 என்று ஆண்டைச் சொன்னாலே நம்மவர்க்குப் புரிவது இங்குள்ள மருத்துவருக்குப் புரியாது. அந்த நினைவுகளால் வரும் நோய்க்கென்றே அதிர்ச்சியை மையமாகக் கொண்ட சிபிடி (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை), இஎம்டிஆர் (கண்ணசைவின் துணையோடு கொடிய நினைவுகளை ஆற்றும் சிகிச்சை) போன்ற சிகிச்சைகள் என்எச்எஸ்ஸில் உண்டு. சித்திரவதைக்கு உள்ளானவர்களுக்கு ஃப்ரீடம் ஃப்ரம் டோர்ச்சர் என்ற தொண்டு நிறுவனம் இருக்கிறது. சர்ஜரி மருத்துவர் இந்த வழிகளை அறிந்திருந்தால் போதும். எல்லாவற்றையும் பத்து நிமிடத்தில் கேட்டு முடிக்க அவர் முயலத் தேவையில்லை, முயலவும் கூடாது.

---

மூத்தமகள் எழுதியது:

மேலே எழுதிய இருவரும் ஒன்றை மறந்துவிட்டார்கள். நோயாளி தானாக வருவார் என்று வைத்துக்கொண்டே எல்லாம் எழுதப்பட்டிருக்கிறது. எங்கள் அப்பா வரமாட்டார். எனக்கு ஒன்றுமில்லை, உங்களுக்குத்தான் பைத்தியம் என்பார். இத்தகைய வீடுகளில் சர்ஜரியைத் தொடர்புகொள்வது மனைவியோ மகளோ மருமகளோதான். அவர்கள் தொலைபேசியில் கேட்டால், நோயாளியின் சம்மதமின்றி எதுவும் பேச முடியாது என்ற ஒரு வாக்கியத்தோடு அழைப்பு முடிந்துவிடுகிறது.

வைத்தியர் எங்களுக்கு எதையும் சொல்ல முடியாது என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் நாங்கள் சொல்வதைக் கேட்பதை எந்த விதியும் தடுக்கவில்லை. இரவில் நடக்கிறார், சாப்பிடுவதில்லை, கதவைப் பூட்டிக்கொள்கிறார் என்று நாங்கள் கடிதமாகக் கொடுத்தால் வைத்தியர் அதை வாசித்துவிட்டு, இரத்த அழுத்தத்தைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அப்பாவை அழைக்கலாமே! இந்த வேறுபாட்டை வரவேற்பாளர்களுக்குப் பயிற்றுவியுங்கள் என்று கேளுங்கள். வீட்டில் பராமரிப்பவர் தம்மைப் பராமரிப்பாளராகத் தம்முடைய ஜிபியிடம் பதிந்துகொள்ளலாம் என்பதையும் சொல்லுங்கள். அந்த மனிதரும் நாளடைவில் சோர்ந்துதான் போகிறார்.

குடும்பத்தார் மொழிபெயர்க்கவே கூடாது என்பதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. என் அம்மா என்னைத் தவிர வேறு யாரையும் நம்பமாட்டார். முன்பின் தெரியாத குரல் தொலைபேசியில் வந்தவுடன் வாயை மூடிக்கொள்வார்.

இன்னொன்று, குறுஞ்செய்தி அனுப்பச் சொல்பவர்களும் கவனிக்க வேண்டியது. எங்கள் வீடுகளில் பெற்றோரின் கைத்தொலைபேசியும் என்எச்எஸ் செயலியும் பிள்ளைகள் கையிலோ கணவர் கையிலோ இருக்கின்றன. 2023 இறுதியிலிருந்து, ஜிபி எழுதும் புதிய குறிப்புகளை நோயாளி செயலியிலேயே வாசிக்க வழிசெய்வது இங்கிலாந்துச் சர்ஜரிகளின் கடமையாகிவிட்டது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் கணவனைப் பற்றி மனைவி வைத்தியரிடம் சொன்னதைக் கணவனே அன்றிரவு வாசிக்கும் நிலை வரக்கூடும். குறிப்பிட்ட பதிவைச் செயலியில் தெரியாமல் மறைத்து வைக்க வைத்தியரால் முடியும். உங்கள் செயலியை வேறு யாராவது திறக்கிறார்களா என்று கேட்கும் வழக்கம் மட்டும் இன்னும் வரவில்லை.

தமிழ் வாசிக்கத் தெரியாத முதியவர்களுக்கும், இங்கே பிறந்து தமிழைக் கேட்க மட்டும் தெரிந்தவர்களுக்கும் எழுத்தால் பயனில்லை. அழுத்தினால் தமிழில் பேசும் இரண்டு நிமிட ஒலிப்பதிவு வேண்டும்.

---

பனங்கூடல் எழுதியது:

மூவருக்கும் நன்றி. இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரு பக்கத்துக்குள் அடக்குவதுதான் இனி என் பாடு. சுவரொட்டியைக் கடைசிக்குத் தள்ளி, மொழிபெயர்ப்பாளர் குறிப்பு, வைத்தியர் தாமாகச் சொல்லும் இரகசியக் காப்பு, செயலியைப் பற்றிய கேள்வி, ஒலிப்பதிவு இணைப்போடு குறுஞ்செய்தி என்ற வரிசையில் எழுத எண்ணியிருக்கிறேன்.

கிணற்றடியிடம் இரண்டு ஐயங்கள். எங்கள் சமூகம் சிறியது. மொழிபெயர்ப்பாளராக வருபவர் கோயிலில் பார்த்த ஆளாக இருந்துவிட்டால் என்ன செய்வது? மற்றது, சர்ஜரி பூட்டியிருக்கும் நேரத்தில், இரவில், நிலைமை முற்றினால் யாரை அழைக்க வேண்டும் என்பதைக் குறுஞ்செய்தியில் எப்படிச் சொல்வது?

---

கிணற்றடி எழுதியது:

முதல் ஐயம் மிகச் சரியானது, குறிப்பாகப் போர்க்கால அனுபவங்களைப் பேச வேண்டியவர்களுக்கு. தொலைபேசி வழி மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். அவருக்கு நோயாளியின் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. ஆணா பெண்ணா என்ற விருப்பத்தையும், இந்தியத் தமிழரா இலங்கைத் தமிழரா என்ற விருப்பத்தையும் முன்கூட்டியே தெரிவிக்கலாம். எப்போதும் கிடைக்கும் என்று உறுதி கூற முடியாது, ஆனால் கேட்பது தவறாகாது. மூத்தமகள் அம்மாவைப் பற்றிச் சொன்னதையும் இதோடு சேர்த்தே பார்க்கிறேன். மகள் அறையில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கட்டும், மொழிபெயர்ப்பை மட்டும் வேறொருவர் செய்யட்டும். இடையில் சில நிமிடம் மகளை வெளியே இருக்கச் சொல்லி, அம்மாவிடம் தனியாகப் பேசும் வாய்ப்பையும் மருத்துவர் உண்டாக்க வேண்டும். மகள் முன் சொல்ல முடியாதது மகளைப் பற்றியதாகவே இருக்கலாம்.

இரண்டாவதற்கு, மூன்று எண்களுக்கு மேல் போகாதீர்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 999. அவசர மனநல உதவிக்கு 111 ஐ அழைத்து, எண் 2 ஐத் தெரிவு செய்ய வேண்டும். இரவும் பகலும் பதில் கிடைக்கும், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று ஆங்கிலத்தில் ஒரு சொல் சொன்னாலே போதும். யாரிடமாவது பேசினால் போதும் என்றிருப்பவர்களுக்கு சமரித்தன்ஸ் அமைப்பின் 116 123, கட்டணம் இல்லை. அழைத்தவுடன் முதலில் ஆங்கிலப் பதிவுக்குரல்தான் கேட்கும், வைத்துவிட வேண்டாம் என்பதை ஒலிப்பதிவில் தவறாமல் சொல்லுங்கள். அங்கேதான் நம் முதியவர்கள் வைத்துவிடுகிறார்கள்.

---

முன்மேசை எழுதியது:

கூட்டத்துக்கு முன் மேலாளரிடம் ஒன்றைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பேசும் மொழி தமிழ் என்று கணினியில் பதிவாகியிருப்பவர்கள் எத்தனை பேர், மொழிபெயர்ப்பாளர் தேவை என்ற குறிப்பு இருப்பவர்கள் எத்தனை பேர் என்ற இரண்டு எண்ணிக்கைகளையும் கணினியில் தேடினால் சில நிமிடத்தில் எடுத்துவிடலாம். பழைய நோயாளிகள் பலருக்கு மொழி என்ற இடம் வெற்றாகவே இருக்கும். அப்படி இருந்தால் நீங்கள் எழுதப் போகும் செய்தி அவர்களுக்குப் போய்ச் சேராது. தடுப்பூசிக்கு வருவோரிடம் மேசையிலேயே மொழியைக் கேட்டு அந்த இடத்தை நிரப்பும் வேலையை முதலில் தொடங்கச் சொல்லுங்கள்.